காலியாக இருந்தால் நல்ல சேதி

“அந்த செக்கிங்கை எடுக்காதீங்க அக்கா, போல்டர் இல்லேன்னா...”

“இல்லேன்னா போல்டரை நான் பண்ண மாட்டேனா? ஊருக்கெல்லாம் மணி அடிச்சுச் சொல்லணுமா?”

“மணி இல்லக்கா, சும்னே, சும்மா ஒரு கேள்வி...”

“அந்தக் கேள்விதான்டி வேணாங்கறேன்.”

நானும் அஷ்வினியும் இப்படித்தான் பேசிக்கொள்வோம். மற்றபடி நல்ல பெண். என் டிபன் பாக்ஸில் பாதி அவளுக்குத்தான்.

இன்ஸ்பெக்டர் ஐயா, எங்கள் நர்சிங் ஹோமின் வழக்கத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். ரத்தப் பரிசோதனையில் ஏதாவது கெட்டது தெரிந்தால் மட்டும் ரிப்போர்ட்டை அன்றைய தேதி போட்ட போல்டரில் வைப்போம். டாக்டர் மாடியில் தன் கம்ப்யூட்டரில் பார்ப்பார். ஒன்றும் வரவில்லையென்றால் நல்ல சேதி. காலையில் அந்தப் போல்டரை உண்டாக்குவது என் வேலை. ரிப்போர்ட்டை டைப் அடிப்பது அஷ்வினியின் வேலை. அவள் வேர்டில் மேக்ரோ என்று சில கட்டளை வரிகள் எழுதியிருந்தாள். ஒரு பட்டனைத் தட்டினால் ரிப்போர்ட் தானே அந்தப் போல்டருக்குள் போய்விடும். போவதற்கு முன் போல்டர் இருக்கிறதா என்று பார்க்கும். இல்லையென்றால் ஒரு சத்தம் போட்டு நின்றுவிடும்.

நான் தேவராஜ மார்க்கெட்டில் பூ வாங்கிக்கொண்டு கொஞ்சம் தாமதமாக வருகிறவள். சத்தம் கேட்டால் போதும், லேப் லிங்கப்பன், “கனகம்மா இன்னும் பூ கட்டறாங்களாட்டம் இருக்கு” என்பார். எல்லோரும் சிரிப்பார்கள். அஷ்வினியும்தான்.

அவள் சாப்பிடப் போயிருந்தபோது, போல்டர் இருக்கிறதா என்று பார்க்கும் அந்த வரிகளை எடுத்தேன். எந்தத் தவறு வந்தாலும் நிற்காமல் மேலே போ என்று ஒரு வரியைச் சேர்த்தேன். அவள் கற்றுக்கொடுத்த வரிதான். இனிமேல் போல்டர் இல்லாவிட்டாலும் ‘சேவ் ஆயிற்று’ என்று காட்டிவிட்டு மூடிக்கொள்ளும். ரிப்போர்ட் எங்கேயும் இருக்காது.

மறுநாள் நேரத்துக்கே வந்தேன். போல்டரை உண்டாக்கவில்லை. மறதி என்று எழுதிக்கொள்ளாதீர்கள், என் கை மவுஸின் மேல்தான் இருந்தது. ஒரு நாள் அவளும் பேச்சு வாங்கட்டும் என்று பட்டது.

அன்று கௌதள்ளியிலிருந்து பாப்பாத்தி என்ற பெண்ணைக் காய்ச்சலோடு சேர்த்திருந்தார்கள். அஷ்வினி டைப் அடித்ததை அவள் தோளுக்கு மேலாகப் படித்தேன். மூளையைத் தாக்கும் மலேரியா. பட்டனைத் தட்டினாள். ‘சேவ் ஆயிற்று’ என்றது திரை. போல்டரே இல்லாததை டாக்டர் நல்ல சேதி என்றே எடுத்துக்கொண்டு, சாதாரண மாத்திரையைத் தொடரச் சொன்னார்.

மாடி ஏறிப்போய் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொன்னால் வரிகளை எடுத்தது யார் என்று கேட்பார்கள். சாயந்தரம் யாரும் பார்க்காதபோது போல்டரை உண்டாக்கினேன். அது காலியாக இருந்தது. அதனால், பிறகு விசாரித்தபோது, அஷ்வினி டைப் அடிக்கவே இல்லை என்று முடிவாயிற்று. வெளியே பெஞ்சில் அவள் அழுவது கேட்கிறது. அவளை வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள். அவளுக்குக்கூட நான் பெரிய கெடுதல் ஒன்றும் நினைக்கவில்லை.

அவள் அழுகை என்னைத் தொந்தரவு செய்யவில்லை. வேறொரு குரல்தான். வீட்டில் குழாயைத் திறந்தால் அதில் கேட்கிறது, மிக்ஸியை நிறுத்தினால் அதன்பின் கேட்கிறது. பாப்பாத்தியின் புருஷன் ரத்தினவேல் அன்று மத்தியானம் என் ஜன்னலுக்கு வந்து ரிப்போர்ட் என்னவென்று கேட்டார். திரையைப் பார்ப்பதுபோல் பார்த்துவிட்டு, “ஒன்னும் இல்லைங்க, நல்ல சேதிதான்” என்றேன். கும்பிட்டுவிட்டுப் போனார். இருட்டுவதற்குள் திரும்பி வந்தார். ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு மெதுவாகத்தான் கேட்டார்.

“ஏனுங்க்கா, ஒன்னுமில்லீன்னு நீங்கதானுங்களே சொன்னீங்க... அப்பறம் ஏனுங்க, கூப்பிடக் கூப்பிடக் கண்ணு முழிக்க மாட்டீங்கறா?”