மூன்று தடவை திரும்பியவன்

டேய் உருண்டை! உனக்காகப் போட்ட மேடைடா இது. முதல் வணக்கம் உனக்குத்தான்.

தலைமை தாங்கும் தலைவர் அவர்களே, தலையைத் தாங்க முடியாமல் தூங்கி விழும் செயலாளர் அவர்களே, பதக்கத்தை என் கையில் கொடுத்த படை அதிகாரி அவர்களே, முன்வரிசைப் பெரியவர்களே, என்னைப் போலப் பிள்ளை பெற்று வளர்த்த தாய்மார்களே! சட்டையில் பொத்தான் ஓட்டைக்குக் காஜா எடுக்கிறவள் நான். ஊசி பிடிக்கும் கைக்கு மைக்கைப் பிடிக்கத் தெரியவில்லை. பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஏன் சிரிக்கிறீர்கள்? உருண்டை என்றதற்கா? காலாட்படையில் சேரும்போது என் மகன் ஆறடிதான். என் மடியில் விழுந்தபோது உருண்டைதானே!

சற்றுமுன் திறந்த நினைவுக்கல்லில் என்ன வெட்டியிருக்கிறது? 'திரும்பிப் பாராமல் முன்னேறிய தீரன்'. நான் எழுத்துக் கூட்டிப் படிக்கிறவள். அதனால் சிரிப்பு கொஞ்சம் தாமதமாகத்தான் வந்தது. யார், இவனா?

ஒரே தடவையில் வீட்டை விட்டுக் கிளம்பியவனா இவன்? பள்ளிக்குப் போவான், திரும்பி வருவான். "அம்மா, பை!" போவான், திரும்பி வருவான். "அம்மா, டிபன் பாக்ஸ்!" மறுபடி வருவான். "அம்மா, செருப்பு!" செருப்பில்லாமல் தெருமுனைவரை போனவன் ஐயா அவன்! அவன் மூன்று தடவை வந்து போகாமல் நான் கதவுக்குத் தாழ் போட்டதில்லை, தையல் மெஷினில் கால் வைத்ததில்லை.

படையில் சேரக் கிளம்பிய அன்று மூன்றாவதாக எதற்கு வந்தான்? சேரச் சொல்லி வந்த கடிதத்துக்கு!

"ஏன்டா, இது இல்லாம போனா எவன்டா உன்னை உள்ள விடுவான்?"

"அதான் வந்துட்டேன்ல. கத்தாதம்மா, தெருவே பாக்குது."

கைதட்டுகிறீர்களா? தட்டுங்கள், அவனுக்குப் பிடிக்கும்.

சண்டை நடந்த அன்று என்ன ஆனது? கல் சொல்லவில்லை. அதோ ஊன்றுகோலோடு உட்கார்ந்திருக்கிறானே அவன் தோழன், அவன் சொன்னான். அடிபட்டு மூன்று பேர் பதுங்கு பள்ளத்துக்கு வெளியே கிடந்தார்கள். பள்ளத்துக்குள் பத்திரமாக வந்துவிட்ட என் மகன், திரும்பிப் போய் ஒருவனைத் தூக்கி வந்தான். திரும்பிப் போய் இந்தத் தோழனைத் தூக்கி வந்தான். மறுபடி கிளம்பியபோது இந்தத் தோழன் என் மகன் காலைப் பிடித்துக்கொண்டானாம்.

"போதும்டா, போகாதடா!"

"விடுடா, இன்னொண்ணு மறந்துட்டேன்."

மூன்றாவது பையனைப் பள்ளத்துக்குள் தள்ளிவிட்டான். என் மகன் இறங்குமுன் குண்டு பட்டுவிட்டது.

சபையோரே! திரும்பாதவனா என் பிள்ளை? அவன் திரும்பியதால் அல்லவா மூன்று உயிர்! அவன் திரும்பியதால் அல்லவா மூன்று வீட்டில் விளக்கு! அவன் திரும்பியதால் அல்லவா இந்தப் பதக்கம்! கல்லை மாற்றுங்கள். 'மூன்று தடவை திரும்பியவன்' என்று வெட்டுங்கள்.

என்ன சொல்கிறீர்கள் தலைவரே? "வெட்டியாச்சேம்மா" என்றா? தப்பாகத் தைத்ததை நாங்கள் பிரித்துத் தைக்கவில்லையா? பிள்ளையையே கொடுத்திருக்கிறேன், ஒரு கல்லைக் கொடுக்க மாட்டீர்களா?

"சரிம்மா, மாத்திடறோம்."

எல்லோரும் கேட்டீர்களே? செயலாளரும் விழித்துவிட்டார், அவரும் சாட்சி. தண்ணீர் கொடுத்து, நாற்காலி கொடுத்து, என்னையும் பேசவிட்ட உங்கள் எல்லோருக்கும் நன்றி, வணக்கம்.

டேய் உருண்டை, கடைசி லீவு முடிந்து போன அன்று நீ இரண்டு தடவைதான் திரும்பி வந்தாய். ஒரு தடவை வாட்ச், ஒரு தடவை சாக்ஸ். நான் கதவைப் பிடித்துக்கொண்டே நின்றேன். வீடு முழுக்கத் தேடிவிட்டேன், ஒன்றும் கிடைக்கவில்லை. இன்றுவரை தாழ் போடவில்லை. மூன்றாவதாக எதைடா மறந்துவிட்டுப் போனாய்?