தண்ணி கேட்கிறான்

கஜந்தினி அக்கா, திங்கட்கிழமை ஆஸ்பத்திரிக்கு வரும்போது கிழக்கு வாசலால் வாங்கோ. முன்வாசல் லிஃப்ட் போன கிழமையிலிருந்து வேலை செய்யவில்லை. மூன்றாம் மாடி, இடது பக்கம் கடைசி அறை. கதவில் பெயர் ஒட்டியிருக்கும்: றொக்சன் சவிரிமுத்து. என் தம்பி. வயது இருபத்திரண்டு.

நான் றொசானா. உங்களை எனக்கு நேரில் தெரியாது. தமிழ் மொழிபெயர்ப்பாளர் ஒருவரை எடுத்திருக்கிறோம் என்று இங்கே பேச்சுப் பயிற்சி கொடுக்கிற பெண் வெள்ளிக்கிழமை சொன்னாள். இரண்டு மாதமாக அந்த வேலையை நான் சும்மா செய்துகொண்டிருந்தேன். தலையில் அடிபட்ட பிறகு றொக்சனுக்குப் பிரெஞ்சும் போச்சு, இங்கிலீசும் போச்சு. நாலு வயதில் மன்னாரிலிருந்து வரும்போது கொண்டுவந்த தமிழ் மட்டும் மிச்சம். அம்மாவும் அப்பாவும் வேலை முடிந்து வரும்போது அவன் மருந்தில் நித்திரை. காலையில் அவனுக்கு வாய் நான்தான்.

நீங்கள் வந்தால் சில விஷயங்கள் தெரியவரும். வேறு யாரும் சொல்லமுன் நானே சொல்லிவிடுகிறேன். மன்னிப்புக் கேட்க இதை எழுதவில்லை. அதை முதலிலேயே சொன்னால் உங்களுக்கும் நேரம் மிச்சம்.

ஆகஸ்ட் மாதம் இரண்டாம் சனி. சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூவில் தம்பியின் அணிக்கு மட்ச். ரக்பி லீக். பக்கத்துக்குப் பதின்மூன்று பேர். ஆறு தரம் உங்களை விழுத்தும்வரை பந்து உங்களிடம், பிறகு மற்றவனிடம். அப்பாவுக்கு இந்த விளையாட்டில் அவ்வளவுதான் தெரியும். ஆனால் எங்கள் வீடு இருக்கிற கோட்-டெ-நெய்ஜிலிருந்து வான் வண்டியில் ஐஸ்பெட்டி, மடக்குக் கதிரை, அம்மாவின் மீன் கட்லட் எல்லாம் ஏற்றிக்கொண்டு ஒரு மட்ச் விடாமல் போவார். என் பட்டமளிப்பு நாளிலும் போனார். எங்கள் குடும்பத்தில் முதல் பட்டம். என் பெயரைக் கூப்பிட இன்னும் இருபது பேர் இருக்கும்போது அப்பாவும் அம்மாவும் எழும்பிவிட்டார்கள். "மட்ச் தொடங்கப்போகுது பிள்ளை, வீடியோ வரும்தானே" என்றார் அப்பா. வீடியோ வந்தது. இன்னும் பார்க்கவில்லை.

நான் படித்தது விளையாட்டுக் காயங்களுக்கான சிகிச்சை. நாலு வருடம். அந்த அணிக்கு நான்தான் தெரபிஸ்ட். தலையில் அடிபட்டால் விதி நேரானது: சந்தேகம் வந்தாலே அவனுக்கு அன்றைக்கு ஆட்டம் இல்லை. கோச் சொன்னாலும் இல்லை, கடவுள் சொன்னாலும் இல்லை. என் சொல்தான் கடைசி.

அதைப் போன வருடம் செய்தும் காட்டினேன். யூன் மாதம் றொக்சனுக்குத் தலையில் முழங்கை பட்டது. கண் ஒரு இடத்தில் நிற்கவில்லை. வெளியே இருத்தினேன். அணி தோற்றது. வானில் வரும்போது அப்பா கண்ணாடியில் என்னைப் பார்த்துச் சொன்னார்: "எரிச்சல். தம்பி மேல வாறது உனக்குப் பொறுக்கேல்லை." றொக்சன் முன்சீட்டில் இருந்து பிரெஞ்சில் அதையே சொன்னான். ஜலூஸ். அம்மா கட்லட் டப்பாவை மூடினா. அப்பா மூன்று மாதம் என்னோடு கதைக்கவில்லை. பூசை முடிந்து கோயில் வாசலில் அக்னெஸ் அன்ரியிடம், "படிச்சது கூடிப்போச்சு, அதுதான் எரிச்சல்" என்று நான் கேட்கவே சொன்னார். அவ சிரித்தா. "அப்ப அந்த எரிச்சலுக்கு மருந்து போட வேற தெரபிஸ்டோ?"

அந்த முறை நான் சரியாகத்தான் செய்தேன், அக்கா. மூளைக்குப் பிழை வராமல் காப்பாற்றினேன். அதற்குக் கிடைத்த பெயர் எரிச்சல். இதை ஞாபகம் வைத்திருங்கோ.

இன்னொன்றும் சொல்லவேண்டும், இது உங்களுக்கு விளங்கும். எனக்கு ஒன்பது வயதிலிருந்து இந்த வேலை. வாடகைக்காரன், பள்ளிக்கூடம், குடிவரவு, எல்லா இடமும் நான் நடுவில். அம்மாவுக்கு வயிற்றில் கட்டி என்று டொக்டர் சொன்னார், வெட்டவேண்டும், ஆபத்தும் இருக்கு என்றார். நான் அம்மாவிடம் "வெட்டினால் சுகம் வருமாம்" என்றேன். ஆபத்தை விழுங்கிவிட்டேன். அம்மா சிரித்துக்கொண்டு ஒப்பரேசனுக்குப் போனா, சுகமாக வந்தா. "என்ர பிள்ளை வடிவாய்ச் சொல்லும்" என்று எல்லோருக்கும் சொன்னா. நடுவில் நிற்கிறவள் ஒரு சொல்லைத் தூக்கினால் இரண்டு பக்கத்துக்கும் தெரியாது. அன்றைக்குப் பழகினது.

சரி, மட்ச். ரொறொன்ரோவிலிருந்து இரண்டு பேர் பெரிய அணி ஒன்றுக்கு ஆள் தெரிவு செய்ய வந்திருந்தார்கள், றொக்சனைத்தான் முக்கியமாகப் பார்க்க. அப்பா வெள்ளைச் சேட்டைக் காற்சட்டைக்குள் விட்டு, கோயிலுக்குப் போவதுபோல் வந்திருந்தார். வானிலேயே எனக்குச் சொல்லிவிட்டார்: "இண்டைக்கு உன்ர விளையாட்டைக் காட்டாத. தம்பி என்ன சொல்லுறானோ அதைக் கேள்." நான் "ஓம் அப்பா" என்றேன். அவர்களின் கதிரைகள் மைதானத்துக்கு மற்றப் பக்கம், நிழலில்.

இரண்டாம் பாதி. பதினெட்டுக்குப் பதினாறு, நாங்கள் பின்னால். றொக்சன் குனிந்து ஒருத்தனைப் பிடிக்கப்போனான். அவனுடைய முழங்கால் றொக்சனின் காதுக்கு மேல் பட்டது. தானே எழும்பினான், ஆனால் மற்ற அணியின் பக்கம் நடந்தான். நான் போய்க் கையைப் பிடித்துக் கூட்டிவந்து வாங்கில் இருத்தினேன். கோச் ஸ்டெஃபான் பக்கத்தில் வந்து நின்றான்.

கேட்கவேண்டியது ஐந்து கேள்வி. எந்த மைதானம், எந்தப் பாதி, கடைசியாகப் புள்ளி எடுத்தது யார், போன கிழமை யாரோடு விளையாடினோம், வென்றோமா. பிரெஞ்சில் தொடங்கினேன். அவன் தமிழில் பதில் சொன்னான்.

அக்கா, இது உங்களுக்கு விளங்கவேண்டும். றொக்சன் பத்து வயதில் தமிழை விட்டவன். அம்மா தமிழில் கேட்டால் பிரெஞ்சில் பதில். என்னை அக்கா என்று கூப்பிட்டுப் பன்னிரண்டு வருடம். அன்றைக்கு "அக்கா" என்றான். மிச்சக் கேள்வி கேட்கத் தேவையே இல்லை. ஆனாலும் கேட்டேன், தமிழில்.

"எங்க நிக்கிறம்?"

"மெற்றோவில. எங்கட ஸ்டேசன் வந்திட்டுதோ?"

"போன கிழமை ஆரோட விளையாடினனி?"

"அப்பா ஏசுவார்."

ஸ்டெஃபான் குனிந்து, ஏன் பிரெஞ்சில் சொல்கிறான் இல்லை என்று கேட்டான். வீட்டில் நாங்கள் எப்போதும் தமிழ்தான், களைத்தால் அவனுக்கு அதுதான் லேசு என்றேன். பதில்கள் சரியா என்றான். ஐந்தும் சரி என்றேன். விளையாடுவானாமா என்றான். விளையாடப் போகிறேன் என்கிறான் என்றேன். தாளில் நேரத்தைப் போட்டு கையெழுத்து வைத்தேன். மற்றப் பக்கத்தில் அப்பா கதிரையை விட்டு எழும்பி நின்றார். நான் பெருவிரலைத் தூக்கிக் காட்டினேன். அவரும் தூக்கினார். இருபத்தாறு வயதில் அப்பா எனக்குப் பெருவிரல் காட்டியது அதுதான் முதல் தடவை.

எனக்கு அப்போது கோபம் இல்லை. மழை பெய்து ஓய்ந்த மாதிரி இருந்தது.

ஆறு நிமிடம் ஓடினான். ஓடினான் என்று சொல்ல முடியாது, நின்றான். பந்து வந்தது, பிடித்தான், எந்தப் பக்கம் போவதென்று பார்த்துக்கொண்டு நின்றான். இரண்டு பேர் சேர்த்து விழுத்தினார்கள். பெரிய அடி இல்லை, அப்படி ஒரு மட்சுக்கு முப்பது விழும். ஆனால் விழும்போது கையை ஊன்றவில்லை. முதலில் ஓடிப்போனதும் நான்தான். கழுத்தை அசையாமல் பிடித்ததும் நான்தான். அம்புலன்ஸ் வந்தவர்கள் நல்லாச் செய்திருக்கிறாய் என்றார்கள். அந்தப் பகுதியை நான் நன்றாகவே படித்திருக்கிறேன்.

விசாரித்தார்கள். அணிக்காரர் என் தாளைப் பார்த்தார்கள், ஐந்துக்கு ஐந்து. ஸ்டெஃபான் தானும் பக்கத்தில் நின்றதாகச் சொன்னான். நின்றவன்தான், ஒரு சொல்லும் விளங்காமல். அப்பா ஆஸ்பத்திரி நடையில் என் தலையைத் தடவி, "நீ உன்ர கடமையைச் செய்தனி பிள்ளை" என்றார். அதையும் கேட்டுக்கொண்டேன். தம்பி சொல்வதைக் கேள் என்றது அவர். நான் கேட்டேன். எல்லோரும் கேட்டதை எல்லோருக்கும் கொடுத்தேன்.

ஒரு திருத்தம். விளையாடப் போகிறேன் என்றான் என்பது ஸ்டெஃபானுக்கு நான் சொன்னது. றொக்சன் சொன்னது வேறு. என் சேட்டின் நுனியைப் பிடித்துக்கொண்டு, "அக்கா, என்னை விடாதேங்கோ. தலை வெடிக்குது. அம்மாட்டப் போவம்" என்றான். நான் அந்தக் கையை ஒவ்வொரு விரலாக எடுத்து, எழுப்பி, முதுகில் தட்டி உள்ளே அனுப்பினேன். அவன் போனான். சின்ன வயதில் நான் சொன்னால் அப்படித்தான், ஏன் என்று கேட்காமல் போவான்.

இவ்வளவுதான். இனி வேலை விஷயம். காலை எட்டு மணிக்கு நான் அறைக்குள் வந்தவுடன் அவன் ஒரு வசனம் சொல்வான், ஒவ்வொரு நாளும் அதே வசனம். நேர்ஸ் கேட்பாள், என்ன சொல்கிறான் என்று. தண்ணி கேட்கிறான் என்று சொல்லிவைத்திருக்கிறேன். அவளும் கொண்டுவந்து வைப்பாள். அவன் குடிப்பதில்லை. ஒவ்வொரு நாளும் தண்ணி கேட்டு ஒருநாளும் குடிக்காத ஆள் எப்படி என்று அவளுக்கு யோசனை வந்துதான் உங்களை எடுத்திருக்கிறார்கள் என்று நினைக்கிறேன்.

அவன் சொல்வது: "இவவை வெளியில அனுப்புங்கோ."

அதை நீங்கள் அப்படியே சொல்லுங்கோ, நான் தடுக்கவில்லை. இந்தக் கடிதத்தையும் காட்டலாம். ஆனால் அவன் பயத்தில் சொல்கிறான் என்று மட்டும் தயவுசெய்து மொழிபெயர்க்க வேண்டாம். அந்த நாள் அவனுக்கு ஞாபகமே இல்லை என்று டொக்டர் சொல்லிவிட்டார். பிறகு எதற்குப் பயம்? நான் படித்தவள், நடக்கிறேன், மூன்று மொழி கதைக்கிறேன். அதைப் பார்க்க அவனுக்குப் பொறுக்கவில்லை, அக்கா. அது வெறும் எரிச்சல்.