வியர்க்கும் கண்ணாடிகள்

இந்த அறையில் ஜன்னலுக்கு எதிர்ச் சுவரில் ஒரு கண்ணாடி மாட்டினால் நன்றாக இருக்கும், ஐயா. பகல் வெளிச்சம் இரண்டு மடங்காகும். எழுதுகிறவர் இப்படிக் காகிதத்தின் மேல் கவிழ்ந்து கண்ணைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். எந்த அறைக்குள் நுழைந்தாலும் எனக்கு முதலில் இதுதான் தோன்றும். செருப்புத் தைப்பவன் காலைப் பார்ப்பான், நான் சுவரைப் பார்ப்பேன்.

நீங்கள் விசாரிக்கும் அந்தப் பெண்ணை எல்லோரும் வாயாடி என்றுதான் கூப்பிடுவார்கள். அவள் அப்பா செல்லமாக வைத்தது. அவரும் நானும் கூட்டாகக் கண்ணாடிப் பட்டறை நடத்தினோம். அவர் வெளியே சிரித்துப் பேசி விற்பார், நான் உள்ளே நின்று வேலை வாங்குவேன். ஒரு மத்தியானம் ஆற்றில் படகு கவிழ்ந்தது. அவர் மனைவி அங்கேயே போய்விட்டாள். அவரைக் கரையில் கிடத்தியபோது கொஞ்சம் மூச்சு மிச்சமிருந்தது. என் கையைப் பிடித்து, "இவளுக்கு ஒரு கல்யாணம் ஆகுற வரைக்கும் நீ பாத்துக்கோ" என்றார்.

பார்த்துக்கொண்டேன். கல்யாணம் ஆகும் வரைக்கும் என்றுதானே சொன்னார்.

பத்தொன்பது வயதில் ஒரு துணிப்பெட்டியோடு என் வீட்டுக்கு வந்தாள். நீங்கள் அந்த வீட்டைப் பார்த்தீர்கள். நான் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. சமையல்காரம்மாளையும் என்னையும் தவிர அங்கே நடமாட்டம் கிடையாது. ஊரில் பாதிப் பேர் என்னிடம் கூலி வாங்கினார்கள், மீதிப் பேர் அவர்களுக்குச் சாமான் விற்றார்கள். நான் தெருவில் இறங்கினால் பேச்சு நின்றுவிடும். அந்த அமைதி எனக்குப் பழகியிருந்தது. அவள் வந்த அன்றே அதை உடைத்தாள். பூட்டிக் கிடந்த அறைகளின் சாவியை வாங்கி ஒவ்வொன்றாகத் திறந்தாள். சாப்பாட்டு மேசையில் என் எதிரே உட்கார்ந்துகொண்டு, "நீங்க சிரிச்சா பட்டறையில இருக்கிற கண்ணாடியெல்லாம் விரிசல் விட்டுடும்னு மேஸ்திரி சொல்றாரு. ஒரு தடவை சிரிங்க, பாப்போம்" என்றாள். நான் சிரித்தேன். "பொய் சொல்லிட்டாரு, ஒண்ணுகூட உடையல" என்றாள்.

சின்ன வயதிலிருந்து அவள் என்னைச் சித்தப்பா என்றுதான் கூப்பிடுவாள். சில மாதம் கழித்து, அது சரியில்லை, உன் அப்பாவுக்கும் எனக்கும் ரத்த உறவு எதுவும் இல்லையே, இனிமேல் மாமா என்று கூப்பிடு என்றேன். "பேரை மாத்தினா ஆளு மாறிடுவாரா?" என்று கேட்டுவிட்டு, சரி மாமா என்றாள். வேறு எந்த எண்ணமும் எனக்கு இருந்ததாக எழுத வேண்டாம். அவள் மேல் என் விரல்கூடப் பட்டதில்லை.

பிறகு தச்சன் வந்தான். இப்போது வெளி வராந்தாவில் உட்கார்ந்திருக்கிறானே, அவன்தான். கண்ணாடிகளுக்குச் சட்டம் அடிக்கிறவன். கூடத்துக் கண்ணாடிக்கு அளவெடுக்க வந்தபோது கயிற்றின் மறுமுனையை அவள் பிடித்தாள். நான் மாடிப்படியில் நின்றிருந்தேன். அவன் ஏதோ மரத்தைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தான். அவள் வாயை மூடிக்கொண்டு கேட்டாள். அதுவரை அவள் யார் பேச்சையும் அப்படிக் கேட்டு நான் பார்த்ததில்லை.

அதற்கப்புறம் அவனுக்கு அந்த வீட்டில் அளவெடுக்க நிறைய இருந்தது. ஊர் வாயை மூட உலைமூடி ஏது. ஒருநாள் அவளே என்னிடம் வந்தாள். "மாமா, நான் அவரைக் கட்டிக்கிறேன். நீங்கதான் முன்னாடி நின்னு நடத்தி வைக்கணும்." கோபப்பட என்ன இருக்கிறது? ஆகட்டும், குளிர்காலம் போகட்டும் என்றேன். அவள் என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அந்த வாரம்தான் அவள் அறையில் முதல் கண்ணாடியை மாட்டினேன்.

எங்கள் வேலை உங்களுக்குத் தெரியாது. கல் மேசையில் காகிதம் போல் மெல்லிய வெள்ளீயத் தகட்டை விரிப்போம். அதன் மேல் பாதரசத்தை ஊற்றி, கண்ணாடியைப் பக்கவாட்டில் மெல்ல நகர்த்திப் படியவிடுவோம். பாரம் ஏற்றி, மேசையைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சாய்த்தால் மிச்சப் பாதரசம் வடியும். முழுக்க வடிய வாரக்கணக்காகும். அவசரப்பட்டு எடுத்து நிறுத்தினால் பின்பக்கம் முத்து முத்தாகத் துளிர்த்துக் கீழே சொட்டும். கண்ணாடி வியர்க்கிறது என்போம். வியர்க்கும் கண்ணாடி பட்டறைப் படியைத் தாண்டக் கூடாது. இந்த வேலை நடக்கும் பூச்சுக் கூடத்தில் ஜன்னலைச் சாத்தக் கூடாது. எலும்பு நடுங்கும் குளிரானாலும் அங்கே நெருப்பு மூட்டக் கூடாது, ஏனென்றால் சூடு பட்டால் பாதரசம் ஆவியாகி மூச்சோடு உள்ளே போகும். இதெல்லாம் நாங்கள் நடக்கப் பழகும்போதே படிக்கிற பாடம். அவள் அப்பா அவளை அந்தக் கூடத்துப் பக்கமே விட்டதில்லை. அதனால் அவளுக்குத் தெரியாது.

அவள் அறைக்கு நான் அனுப்பியவை எல்லாம் மேசையிலிருந்து நேராக எடுத்தவை. மேஸ்திரி மட்டும் ஒருமுறை வாசலில் நின்று, "முதலாளி, இது இன்னும் வியர்க்குது" என்றார். "உங்க மகனுக்கும் என் பட்டறையிலதானே வேலை?" என்று அவரிடம் விசாரித்தேன். அவர் தூக்கிக்கொண்டு போனார். அவரை நீங்கள் தொந்தரவு செய்ய வேண்டாம்.

குளிர் உள்ளே வராமல் ஜன்னல்களை ஆணி வைத்து அடித்தேன். கணப்பில் நெருப்பு அணையாமல் பார்த்துக்கொள்ளும்படி சமையல்காரம்மாளிடம் சொன்னேன். வாயாடி கல்யாணப் பேச்சை எடுக்கும்போதெல்லாம் ஒரு புதுக் கண்ணாடி கொடுத்தேன். நாலு சுவரும் நிறைந்தது. உள்ளே போனால் எந்தப் பக்கம் திரும்பினாலும் அவள் இருந்தாள். ஒருத்தி போனால் இன்னொருத்தி இருப்பாள் போல. தரையில் உருளும் வெள்ளி மணிகளைப் பார்த்து அவளுக்கு ஒரே சந்தோஷம். விரலால் துரத்துவாள், உள்ளங்கையில் சேர்த்து வைத்து, "மாமா, நிலா உடைஞ்சு போச்சு" என்பாள்.

எங்கள் தொழில் நோய்க்கு ஒரு விசித்திரமான குணம் உண்டு, ஐயா. கையும் தலையும் நடுங்குவதற்கு முன்பே கூச்சம் வரும். ஊரைக் கூட்டிப் பேசுகிறவன்கூட ஆள் அரவம் கேட்டால் கதவுக்குப் பின்னால் போய் நிற்பான். என் அப்பா பூச்சுக் கூடத்தில்தான் வேலை செய்தார். நான் சின்னவனாக இருந்தபோது அவர் வீட்டில் தங்கவே மாட்டார், அம்மா வாசலைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்பாள். நோய் வந்த பிறகு அவர் வெளியே போகவே இல்லை. அம்மா அவருக்குச் சோறு ஊட்டிவிட்டு வாயைத் துடைப்பாள். "இப்பதான்டா உங்கப்பா வீட்டு மனுஷனா ஆனாரு" என்று என்னிடம் சொல்லியிருக்கிறாள். அந்த இரண்டு வருடம்தான் அவள் முகத்தில் நிம்மதியைப் பார்த்தேன். நான் வேறெங்கும் போய் எதையும் கற்றுக்கொள்ளவில்லை.

வாயாடிக்கும் கூச்சம் வந்தது. தச்சன் வந்தால், அப்புறம் வரச் சொல்லுங்க என்பாள். படியிறங்குவதை நிறுத்தினாள். பேச்சு குறைந்தது. கரண்டி பிடிக்க முடியாமல் போனதும் நானே ஊட்டினேன். ஒவ்வொரு சாயங்காலமும் பட்டறையிலிருந்து நேராக அவள் பக்கத்தில் போய் உட்காருவேன். அவள் சுவாசித்த காற்றைத்தான் நானும் சுவாசித்தேன். என் கை இப்போது நடுங்குகிறதே, அது பயமில்லை. அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

என்னைக் காட்டிக்கொடுத்தது ஒரு மோதிரம். தச்சன் எப்படியோ சிறுகச் சிறுகச் சேர்த்து மெல்லிய தங்க மோதிரம் ஒன்று வாங்கி, சமையல்காரம்மாள் வழியாக அனுப்பியிருந்தான். சில நாளில் அது வெளுத்துவிட்டது. பாதரசம் பட்டால் தங்கம் வெள்ளைதான் ஆகும். அவள் அதைக் கையில் வைத்துக்கொண்டு, இது என்ன மாமா என்று கேட்டாள். முலாம் பூசினது, சாயம் போயிடுச்சு என்றேன். பொய்தான். கிளியை வளர்த்துப் பூனை கையில் கொடுக்கச் சொல்கிறீர்களா? அவள் அழுதாள். நான் மோதிரத்தை வாங்கித் தச்சனிடமே திருப்பி அனுப்பினேன். அங்கேதான் தவறினேன். முப்பது வருடம் பாதரசத்தோடு இருந்த நான் அதை உலையில் போட்டிருக்க வேண்டும். தச்சன் அவமானப்பட்டு ஊரைவிட்டுப் போவான் என்று நினைத்தேன்.

மோதிரத்தை விற்ற பொற்கொல்லரிடமே போய் அவன் சண்டை போட்டிருக்கிறான். அவர் அதை இடுக்கியில் பிடித்துத் தணலில் காட்டினாராம். வெள்ளை புகையாகப் போய், மஞ்சள் திரும்பி வந்ததாம். "தங்கம் சுத்தம்தான் தம்பி. போட்டிருந்த பொண்ணு எங்க இருக்கா, அதைப் போய்ப் பாரு" என்றாராம்.

அப்புறம் நடந்தது உங்களுக்குத் தெரியும். நீங்கள் தச்சனோடும் வைத்தியரோடும் வந்தீர்கள். கண்ணாடிகளில் உங்கள் ஆட்கள் தங்கள் முகத்தையே பார்த்துப் பயந்து ஒதுங்கினார்கள். அவள் என்னைப் பார்த்துச் சித்தப்பா என்றாள். கடைசி நாட்களில் மறுபடி அப்படித்தான் கூப்பிட்டாள், ஞாபகம் குழம்பிவிட்டது. தச்சன் அவளைப் போர்வையில் சுற்றித் தூக்கினான். வாசல் கதவைத் தாண்டியதும், வண்டியில் ஏற்றுவதற்குள் உயிர் போய்விட்டது. உள்ளேயே விட்டிருந்தால் இன்னும் கொஞ்ச நாள் இருந்திருப்பாள். வெளிக்காற்று அவளுக்குப் பழக்கமில்லை.

ஆமாம். தெரிந்துதான் மாட்டினேன். ஒவ்வொன்றையும் தெரிந்துதான் மாட்டினேன். எங்கே கையெழுத்துப் போட வேண்டும், காட்டுங்கள். நீங்கள் என்னை அடைத்திருக்கும் இடத்தில் வெறும் சுவர்தான் இருக்கிறது, ஆனாலும் துளி விழும் சத்தம் கேட்கிறது. திரும்பிப் பார்த்தால் சுவரில் யாரும் இல்லை. அது ஒன்றுதான் எனக்குத் தாங்கவில்லை.

ஆனால் அவளை அடைத்து வைத்தேன் என்று எழுதியிருக்கிறீர்களே, அதை அடித்துவிடுங்கள். அந்த அறைக்கு வெளித் தாழ்ப்பாளே கிடையாது. அன்று நீங்கள் அவள் முன்னால் குனிந்து, "இந்த வீட்டை விட்டு வர்றியாம்மா?" என்று கேட்டீர்கள். அவள் தலை என்ன சொன்னது என்று நீங்களும் பார்த்தீர்கள். அதே கேள்வியை நான் தினமும் கேட்டிருக்கிறேன், ஐயா. கதவை நன்றாகத் திறந்து வைத்துக்கொண்டு, போறியா என்று கேட்பேன். ஒவ்வொரு தடவையும் அவள் தலை இல்லை, இல்லை என்றுதான் ஆடியது. நான் கேட்காத நேரத்திலும் அவள் அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தாள்.