கைச்சூடு

பெரியநாயக்கன்பாளையத்திலிருந்து வந்த பேருந்தில், எனக்கு முன் இருக்கையில் பள்ளிச் சீருடையில் இரண்டு பெண்கள். பிளஸ் டூ படிப்பவர்களாக இருக்கலாம். ஒருத்தி மற்றவளின் தோளில் கை போட்டிருந்தாள்.

"இரும்பு கையில வெச்சிருந்தா வளருது புள்ள," என்றாள் ஜன்னலோரத்தில் இருந்தவள்.

"நெசமாவா?"

"ஸ்கூல்ல அனுப்புன கம்பெனி ட்ரெய்னிங்ல, லேத்துல நான் கடைஞ்ச இரும்பு பீஸை ஆசையா கையிலயே வெச்சிருந்தேன். அளந்தா அளவு துளியூண்டு அதிகமாக் காட்டுது. ரிஜெக்ட்டுன்னு நெனச்சு அழுதே போட்டேன்."

"அப்பறம்?"

"கைச்சூடுதான் கண்ணு, ஆரும் தொடாம ஏசி ரூம்ல கொஞ்ச நேரம் வெச்சுப்போட்டு அளந்து பாருன்னாங்க மிஸ்ஸு. வெச்சேன். அளவு அச்சா வந்துருச்சு."

துடியலூர் தாண்டியதும் ஜன்னலோரத்தில் இருந்தவள் சிநேகிதியின் பக்கம் திரும்பினாள்.

"எங்கூட்ல அப்பா நர்சிங் படிங்கறாரு, மாமா டீச்சராகுங்கறாரு, அம்மா கல்யாணங்கறாங்க. என்னையும் அப்படிக் கொஞ்ச நேரம் ஆரும் தொடாம உட்டாங்கன்னா, நான் என்னன்னு எனக்கே தெரிஞ்சுரும்."

சிநேகிதி அவள் தோளிலிருந்து கையை மெல்ல எடுத்தாள்.

"உன்ற கை இருக்கட்டும் புள்ள."