தாய்மாமன் கொடுக்க வந்த ரத்தம்

கொஞ்சம் இருங்க... தீர்மானத்துக்குப் போறதுக்கு முன்னாடி, நடுவுல ஒரு சின்னக் கதை சொல்லிட்டு வந்துடறேன். சீக்கிரம் முடிஞ்சிடும். செல்போனை மட்டும் கீழ வைங்க.

ஒரு பெரிய ஆஸ்பத்திரி. அங்க ஒரு டாக்டரம்மா, பேரு பரிமளகாந்தி. ஊசி போடற டாக்டர் இல்ல, ரத்தத்தை ஆராய்ச்சி பண்றவங்க. ஒருத்தர் ரத்தம் இன்னொருத்தர் உடம்புக்குள்ள போனா என்ன நடக்குது? அதைத்தான் வருஷக்கணக்கா பாத்துக்கிட்டு இருந்தாங்க.

ஒருநாள் வினோதினின்னு ஒரு பள்ளிக்கூடத்துப் புள்ளையைத் தூக்கிட்டு வர்றாங்க. வேன் கவுந்து அடி. ஆபரேஷன் பண்ணியாகணும், அதுக்கு ரத்தம் வேணும். அவளோட குரூப் ரத்தம் அங்க கையிருப்புல இல்ல. பக்கத்து டவுன்ல இருந்து வரணும்.

தாய்மாமன் சும்மா இருப்பாரா? பெரியகருப்பன்னு பேரு. சட்டைக் கையை மடிச்சுக்கிட்டு வந்து நிக்கிறாரு. "டாக்டரம்மா, எனக்கும் அவளுக்கும் ஒரே குரூப்பு. அவளை மடியில வச்சுக் காது குத்தினவன் நான். எங்கிட்ட எடுங்க."

டாக்டரம்மா கேட்டாங்க. "உங்க வீட்டுல சொந்தத்துக்குள்ளதான் கல்யாணமா?"

"பின்ன? தலைமுறை தலைமுறையா வெளிய பொண்ணு எடுத்ததும் இல்ல, குடுத்ததும் இல்ல." நெஞ்சை நிமித்திச் சொல்றாரு.

"அப்படின்னா உங்க ரத்தம் வேணாம்ணே."

எப்படி இருந்திருக்கும் அந்த மனுஷனுக்கு? "எவனோ ஒருத்தன் ரத்தம் வர்ற வரைக்கும் புள்ள தாங்குமா? அவளுக்கு ஏதாவது ஒண்ணு ஆச்சு..."

டாக்டரம்மா பொறுமையாச் சொன்னாங்க. "அண்ணே, வெளியாள் ரத்தம் போனா உடம்பு 'நீ யாரு?'ன்னு கேக்கும். அதுல வர்ற வெள்ளை அணுக்களை அடிச்சு விரட்டிடும். சொந்தத்துக்குள்ளயே கட்டின குடும்பத்து ரத்தம் சில நேரம் ரொம்ப ஒத்துப் போயிடும். 'நம்மாளுதான்'னு உடம்பு விட்டுடும். ஆனா உள்ள போன அணு விடாது, உடம்பையே அழிக்க ஆரம்பிச்சிடும். எல்லாருக்கும் ஆகாது. ஆச்சுன்னா காப்பாத்தறது ரொம்பக் கஷ்டம். கூடப் பொறந்த தம்பி ரத்தத்தை ஏத்திக்கிட்டு சிரிச்சுக்கிட்டே வீட்டுக்குப் போன ஒருத்தர், காய்ச்சலும் தடிப்புமா திரும்பி வந்து இங்கதான் செத்தாரு. ஏன்னு தேடித்தான் நான் இந்த ஆராய்ச்சிக்கே வந்தேன். அந்த மாதிரி ரத்தத்தைக் கதிர் பாய்ச்சி சரி பண்ற மெஷினும் இங்க இல்ல. காத்திருப்போம்."

காத்திருந்தாங்க... தாய்மாமன் கண்ணு வாசலை விட்டு நகரல.

ரத்தம் வந்துச்சு. பையில ஒரு நம்பர். யார் ரத்தம்? எந்த ஊரு? என்ன ஆளுங்க? யாருக்கும் தெரியாது. ஏத்தினாங்க. புள்ள பொழச்சுக்கிச்சு.

அப்புறம் அவரு தயங்கித் தயங்கிக் கேட்டாரு. "அப்ப என் ரத்தம் எதுக்கும் ஆகாதா டாக்டரம்மா?"

"ஏன் ஆகாது? பக்கத்து வார்டுல ஒருத்தர் இதே குரூப்புக்குக் காத்துக்கிட்டு இருக்காரு. அவருக்கு நீங்க யாரோ. அதனால தாராளமா குடுக்கலாம்."

குடுத்துட்டுத்தான் வீட்டுக்குப் போனாரு.

இந்தக் கதை இப்ப எதுக்கு? சொல்றேன். சாதிக்கு வெளிய கல்யாணம் பண்ணிக்கிட்ட நம்ம புள்ளைங்களைச் சங்கத்தை விட்டு நீக்கணும்னு தீர்மானம் கொண்டு வந்திருக்கீங்க. "ரத்தம் கலந்தா அழிஞ்சு போயிடுவோம்"னு காலையில ஒருத்தர் பேசினாரு. அடப் போங்கய்யா... கலக்காம இருந்ததுதானே அந்தக் குடும்பத்துக்கு ஆபத்து? எவனோ ஒருத்தன் குடுத்ததுதானே அந்தப் புள்ளையை உக்கார வச்சுது? எனக்கு இந்தத் தீர்மானம் பிடிக்கல. மேடையில வச்சே சொல்றேன்.

அந்தப் புள்ளைங்க புருஷன் பொண்டாட்டியா மண்டபத்து வாசல்லயே நிக்குதுங்க. உள்ள வரலாமா வேணாமான்னு தெரியாம நிக்குதுங்க. யாராவது ஒருத்தர் எந்திரிச்சுப் போய்க் கூட்டிட்டு வாங்க. முன் வரிசையில உக்கார வைங்க. அப்புறம் தீர்மானத்தை வாசிங்க...

அவங்க மூஞ்சியைப் பாத்துக்கிட்டே கையைத் தூக்குங்க.