சோதனைச் சாவடியில் நான் சொன்னது

சத்தம் முதலில் ஜன்னல் கண்ணாடிக்கு வருகிறது. கண்ணாடி நடுங்குகிறது. அப்புறம்தான் காதுக்கு.

1990 ஆகஸ்ட் 2. வியாழக்கிழமை. குவைத், சால்மியா. மூன்றாவது மாடி. எனக்குப் பதினோரு வயது. பால்கனியில் நிற்கிறேன். கடல் பக்கமிருந்து ஈராக் ராணுவத்தின் ஹெலிகாப்டர்கள் வருகின்றன. ஆறு. கொஞ்சம் பின்னால் ஏழாவது. எனக்குப் பயமில்லை. எண்ணிக்கொண்டிருக்கிறேன்.

டட்டட்டட். நிற்கிறது. மறுபடி டட்டட்டட். எதிர்க் கட்டடத்து மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டி கிழிகிறது. தண்ணீர் வெயிலில் பளபளவென்று கொட்டுகிறது. அழகாக இருக்கிறது என்று நினைத்தேன். அதை நினைத்ததும் ஞாபகம் இருக்கிறது.

"பாப்பா! உள்ளுக்கு வா! கீழ படு! படு!"

பின்னாலிருந்து ஒரு கை என் சடையைப் பிடித்து இழுக்கிறது. தரையில் விழுகிறேன். கன்னத்தில் ஓர் அறை. என் மேல் ஓர் உடம்பு கவிழ்கிறது. அடுத்த நொடி பால்கனிக் கதவுக் கண்ணாடி முழுக்க உள்ளே கொட்டியது.

எனக்கு ஒரு கீறல் இல்லை. என் மேல் கவிழ்ந்தவளின் இடது தோளில் நாலு கண்ணாடித் துண்டுகள். அம்மா சமையலறையில் உட்கார வைத்து ஒவ்வொன்றாகப் பிடுங்கினாள். அவள் கத்தவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். "நோகுதா பாப்பா?" என்று என்னைக் கேட்டாள். நான் பதில் சொல்லவில்லை. அறைந்தாள் அல்லவா.

அவள் பெயர் செல்வராணி. எங்களுக்கு மேல் மாடியில் ஓர் அரபிக் குடும்பத்தில் வீட்டு வேலை செய்தாள். இலங்கை மலையகத்துத் தமிழ்ப் பெண். வந்து மூன்று வருடம் ஆகியிருந்தது. அந்தக் குடும்பம் கோடை விடுமுறைக்கு வெளிநாடு போயிருந்தது. இவளை வீட்டைப் பார்த்துக்கொள்ளச் சொல்லியிருந்தார்கள். இவள் பாஸ்போர்ட் அவர்களுடைய இரும்புப் பெட்டிக்குள். சாவி அவர்களோடு.

அன்று கீழே இறங்கி வந்தவள் மேலே போகவில்லை. எங்களோடு இருந்தாள். நாங்கள் நாலு பேர். அப்பா ஏசி மெக்கானிக். அம்மா. நான். தம்பி கார்த்திக்கு இரண்டு வயது. அவளோடு ஐந்து.

ஒரு மாதம். வேலை இல்லை. பள்ளி இல்லை. தெருவில் டாங்கி ஓடிய தடம் தாரில் பதிந்து கிடக்கிறது. அப்பா வெளியே போகப் பயந்தார். பெண்களை எதுவும் செய்ய மாட்டார்கள் என்று யாரோ சொன்னதை நம்பி ரொட்டி வரிசையில் நிற்கப் போனவள் செல்வராணி. அது பொய் என்று அவளுக்குத் தெரிந்திருக்கும். ஆனாலும் போனாள். தலையில் கறுப்புத் துணி. நாலு மணி நேரம் நிற்பாள். சமையலறையில் கற்ற அரபி அவளுக்கு. அதை வைத்து இரண்டு ரொட்டி கூடுதலாக வாங்கி வருவாள். அதை நாங்கள் தின்றோம்.

கார்த்திக்கு வயிற்றுப்போக்கு வந்தது. மருந்துக்கடை சூறையாடப்பட்டிருந்தது. கஞ்சித் தண்ணீரில் உப்பும் சர்க்கரையும் போட்டு ஸ்பூன் ஸ்பூனாக ஊட்டினாள். மூன்று நாள் மடியை விட்டு இறக்கவில்லை. பிழைத்தான். பிழைத்தவன் அம்மாவிடம் போக மாட்டேன் என்றான். என்னிடம் வரவே மாட்டான். "செல்லி, செல்லி" என்று அவள் பின்னாலேயே திரிந்தான்.

"செல்வி இல்லன்னா புள்ள போயிருப்பான்" என்று அம்மா அப்பாவிடம் சொன்னாள். நான் கேட்டுக்கொண்டிருந்தேன். எனக்குப் பிடிக்கவில்லை. அம்மா என்னை அப்படிச் சொன்னதே இல்லை.

செப்டம்பர் முதல் வாரம். இந்தியர்களுக்குப் பஸ் போகிறது என்று செய்தி வந்தது. பாஸ்ரா, பாக்தாத், ஜோர்டான் எல்லை. அங்கிருந்து விமானம். பாஸ்போர்ட் வேண்டும். பஸ்ஸில் பட்டியல் இருக்கும். அப்பா அம்மாவிடம் சொன்னார்: அவளை என் தங்கச்சி என்போம். பாஸ்போர்ட் கொள்ளையில் போய்விட்டது என்போம்.

ஆளுக்கு ஒரு பை. அவளுக்குப் பை இல்லை. என் பையில் பாதியைக் காலி செய்யச் சொன்னார்கள். என் தபால்தலை ஆல்பத்தை எடுத்துக் கட்டில் மேல் வைத்தேன். அந்த இடத்தில் அவளுடைய இரண்டு கவுன்கள். பஸ்ஸில் ஜன்னல் ஓரமும் அவளுக்கே. கார்த்திக்குக் காற்று வேண்டுமாம். நான் நடுவில் நின்றேன். வெயில். பஸ் கூரை தொட்டால் சுடுகிறது. தண்ணீர் ஆளுக்கு ஒரு மூடி.

இவ்வளவையும் ஏன் எழுதுகிறேன்? முப்பது வருடத்துக்கு மேலாக, எனக்குப் பயமாக இருந்தது என்று என்னிடமே சொல்லி வந்திருக்கிறேன். பயம் உண்மை. பயம் மட்டும் இல்லை.

பாஸ்ராவுக்கு முன்னால் ஒரு சாவடி. மணல் மூட்டைகள். மூன்று சிப்பாய்கள். பஸ் நிற்கிறது. என்ஜினை அணைக்கச் சொல்கிறார்கள். திடீரென்று ஒரு சத்தமும் இல்லை. ஈ பறப்பது கேட்கிறது.

ஒரு சிப்பாய் ஏறுகிறான். கையில் பட்டியல். மீசை சரியாக முளைக்கவில்லை. எங்களிடம் வருகிறான். நாலு பேர் பெயர் இருக்கிறது. ஐந்தாவது இல்லை. அப்பா கையைக் காட்டி, ஆங்கிலத்தில், "சிஸ்டர், சிஸ்டர்" என்கிறார். அவன் துப்பாக்கி முனையால் அப்பாவின் நெஞ்சில் இரண்டு முறை தட்டுகிறான். பலமாக இல்லை. கதவைத் தட்டுவது போல.

பிறகு என் பக்கம் திரும்பினான். குனிந்தான். சிரித்தான். அரபியில் கேட்டான். இவள் உன் அத்தையா?

எனக்கு அரபி தெரியும். பள்ளியில் பாடம். கீழ்வீட்டுப் பிள்ளைகளோடு விளையாட்டு. எங்கள் குடும்பத்தில் அரபி பேசத் தெரிந்தது எனக்கு மட்டும்தான். அப்பாவுக்குச் சாமான்களின் பெயர் மட்டும்தான் தெரியும் என்று நினைத்திருந்தேன்.

"லா" என்றேன். இல்லை.

அதோடு நிறுத்தியிருக்கலாம். அவன் வேறு எதுவும் கேட்கவில்லை. நான் சொன்னேன். மேல் வீட்டு வேலைக்காரி.

முதல் சொல் பயத்தில் வந்தது. அடுத்ததை நான் யோசித்துத்தான் சொன்னேன்.

செல்வராணிக்குப் புரிந்தது. என்னைப் பார்த்தாள். கோபம் இல்லை. ஏன் பாப்பா என்று கேட்கிற மாதிரிகூட இல்லை. எதிர்பார்த்தவள் மாதிரி இருந்தாள். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. கார்த்தியைத் தூக்கி அம்மா மடியில் வைத்தாள். எழுந்தாள். சிப்பாய் அவள் கையைப் பிடிக்கவில்லை. அவளாகவே இறங்கினாள். அவள் துணிகள் என் பையிலேயே இருந்தன. அதை எடுத்துக் கொடுக்க எனக்குத் தோன்றவில்லை.

"எடு! எடு! வண்டிய எடு!" பின் இருக்கையிலிருந்து யாரோ கத்துகிறார்கள். என்ஜின் உறுமுகிறது. கார்த்தி வீறிடுகிறான். நான் காலியான ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்தேன். ஆமாம், உட்கார்ந்தேன். வெளியே பார்த்தேன். மணல் மூட்டைக்குப் பக்கத்தில் நின்றாள். வலது கையை நெற்றிக்கு மேல் வைத்து வெயிலை மறைத்திருந்தாள். பஸ் திரும்பியது. அவ்வளவுதான்.

கார்த்தி பாக்தாத் வரை அழுதான். எல்லை முகாமில் ஒன்பது நாள். மணல் புயல். தக்காளியும் ரொட்டியும். ஜோர்டானில் அம்மான் விமான நிலையம். பம்பாய். அங்கிருந்து ரயிலில் திருவாரூர். வீட்டில் யாரும் அவள் பெயரைச் சொல்லவில்லை. அப்பா சொல்லவில்லை. அம்மா சொல்லவில்லை. கார்த்தி மறந்தே போனான்.

நான் படித்தேன். கல்யாணமாகி டெக்சஸ் வந்தேன். பேர்லேண்டில் வீடு. ஹூஸ்டனில் வேலை. மகள் மீராவுக்கு இப்போது பதினோரு வயது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதையை நான் பல முறை சொல்லியிருக்கிறேன். ஆளுக்கொரு பதார்த்தம் கொண்டுவரும் பாட்லக் விருந்தில், பிறந்தநாள் பார்ட்டியில், கோயில் கேன்டீனில். எட்டு நிமிடம் ஆகும். ஹெலிகாப்டர் உண்டு. ரொட்டி வரிசை உண்டு. அதில் நின்றது அம்மா என்று மாற்றியிருந்தேன். "டிக்கெட்டே இல்லாம ஃபிளைட் ஏறின ஃபேமிலி நாங்க" என்பேன். அங்கே எல்லோரும் சிரிப்பார்கள். எங்கே நிறுத்தினால் அமைதியாவார்கள் என்றும் தெரியும். "யூ ஆர் எ ஃபைட்டர், சுதா" என்று போன வருடம் ஓர் ஆன்ட்டி என்னைக் கட்டிப்பிடித்தார். நான் நன்றி சொன்னேன்.

போன மாதம் எங்கள் வீட்டிலேயே பாட்லக். சனிக்கிழமை மதியம். ஊரிலிருந்து அம்மா வந்திருக்கிறாள். ஆறு மாதம் இருப்பாள். அப்பா இறந்தபின் முதல் முறை. யாரோ கேட்டார்கள். நான் ஆரம்பித்தேன். அம்மா சோபாவின் ஓரத்தில் உட்கார்ந்து முழுக்கக் கேட்டாள். அவள் எதிரில் இதைச் சொன்னதில்லை என்பது பாதியில்தான் உறைத்தது. நிறுத்த முடியவில்லை. ரொட்டி வரிசை வந்தது. அம்மா தலையைக் குனிந்துகொண்டாள்.

எல்லோரும் போனார்கள். அம்மா பாத்திரம் தேய்க்கிறாள். மீரா கவுன்டரில் உட்கார்ந்து போன் பார்க்கிறாள்.

"ரொட்டிக்கு நானா போனேன்?" என்றாள் அம்மா. திரும்பவில்லை.

நான் ஒரு தட்டை எடுத்துத் துடைக்க ஆரம்பித்தேன்.

"ஒரு தடவகூட செல்வி பேரு உன் வாயில வராதா?"

"அம்மா, அன்னிக்கி அந்த சோல்ஜர் என்கிட்ட என்ன கேட்டான்னு உனக்குத் தெரியாது."

குழாயை மூடினாள்.

"தெரியும். நீ சொன்னதும் தெரியும். அப்பாவுக்குப் புரிஞ்சிருக்கு. கேம்ப்லயே சொல்லிட்டாரு."

அங்கேயே தரையில் உட்கார்ந்தேன். முப்பது வருடத்துக்கு மேல். இருவருக்கும் தெரியும். என் கல்யாணத்தில் தெரியும். மீரா பிறந்தபோது தெரியும். அப்பா சாகும்போதும் தெரியும்.

"ஏம்மா என்னக் கேக்கல? திட்டியிருக்கலாம்ல?"

"எந்த மொகத்த வச்சிக்கிட்டு திட்டுறது?" அம்மா கையைப் புடவையில் துடைத்தாள். துடைத்துக்கொண்டே இருந்தாள். "அப்பா நெஞ்சுல துப்பாக்கிய வச்சிருந்தான். அவரையும் எறக்கிருவானோன்னு எனக்கு ஒடம்பெல்லாம் ஆடுது. அவ எறங்கிட்டா. பஸ்ஸு கெளம்புச்சு. எனக்கு நிம்மதியா இருந்துச்சு சுதா. என் புள்ளைய மூணு நாள் மடியில வச்சிருந்தவ அவ. அவ எறங்குனதும் எனக்கு மூச்சு வந்துச்சு. இத நான் யாருகிட்ட சொல்ல?"

நான் அழவில்லை. அம்மாவும் அழவில்லை. அழுவதற்கு ஒரு தகுதி வேண்டும் போலிருந்தது.

மீரா போனைக் கவிழ்த்து வைத்தாள். இவளுக்குத் தமிழ் புரியும். பதில் ஆங்கிலத்தில்தான் வரும்.

"டிட் யூ லுக் ஃபார் ஹர்?"

"நோ" என்றேன்.

"நாட் ஈவன் ஒன்ஸ்?"

"நோ."

மீரா என் அம்மாவிடம் திரும்பினாள். அபூர்வமாகத் தமிழில் கேட்டாள். "பாட்டி, நீங்க?"

அம்மா தலையை ஆட்டினாள். இல்லை.

மீரா எழுந்து மாடிக்குப் போனாள். அறைக் கதவு மூடியது. இரண்டு நாள் என் முகத்தைப் பார்த்துப் பேசவில்லை. அவள் செய்தது சரி.

மூன்றாம் நாள் கார்த்திக்குப் போன் செய்தேன். கலிபோர்னியாவின் டப்ளினில் இருக்கிறான். இரண்டு பிள்ளைகள். எல்லாம் சொன்னேன்.

"அக்கா, அவங்க என்னைய என்னன்னு கூப்புடுவாங்க?"

எனக்கு ஞாபகம் இல்லை. ஏதோ ஒரு செல்லப் பெயர் இருந்தது. அம்மாவுக்கும் ஞாபகம் இல்லை.

தமிழ்ச் சங்கத்தின் ஆண்டு மலருக்கு, தப்பி வந்த கதையை எழுதிக் கொடுக்கச் சொன்னார்கள். குழந்தைகள் படித்து ஊக்கம் பெற வேண்டுமாம். கொடுக்க வேறு கதை என்னிடம் இல்லை. இதுதான். எங்கள் பழைய கதையைக் கேட்டுக் கைதட்டியவர்கள் இதையும் படிக்க வேண்டும். மலையகத்திலிருந்து குவைத் போய்த் திரும்பாத ஒருத்தியை யாருக்காவது தெரிந்தால், எனக்குச் சொல்ல வேண்டும். அவள் உயிரோடு இருந்தால், என்னைப் பார்க்கச் சம்மதிக்க வேண்டும் என்று கேட்க மாட்டேன். இருக்கிறாள் என்று தெரிந்தால் போதும்.

சால்மியாவில் விட்டு வந்தவை: வாடகை வீடு. அப்பாவின் வேலை. அவருடைய கருவிப் பெட்டி. அம்மாவின் தையல் மெஷின். கல்யாண ஆல்பம். எதற்கும் இப்போது யாரும் வருந்துவதில்லை.

அந்த வீட்டிலிருந்து கிளம்பியவர்கள் ஐந்து பேர். பம்பாயில் இறங்கியவர்கள் நாலு பேர். குண்டு விழுந்து யாரும் சாகவில்லை. குறைந்தவள் ஒருத்தி. பெயர் செல்வராணி. வயது இருபது என்கிறேன் நான். இருபத்திரண்டு என்கிறாள் அம்மா. ஹட்டன் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டம். தோட்டத்தின் பெயர் தெரியாது. அவள் அப்பா, அம்மா பெயர் தெரியாது. கூடப் பிறந்தவர்கள் இருந்தார்களா, தெரியாது. ஒரு மாதம் எங்களோடு உட்கார்ந்து சாப்பிட்டாள். நாங்கள் ஒருவரும் கேட்கவில்லை.