மேசையில் கிடந்த பென் டிரைவ்

கோரிமேடு போகும் பேருந்தில் எனக்கு முன் இருக்கையில் இரண்டு இளைஞர்கள். கம்ப்யூட்டர் பழுதுபார்க்கிறவர்கள் என்று பேச்சிலேயே தெரிந்தது. ஜன்னலோரம் இருந்தவன் கையிலிருந்த பென் டிரைவைக் காட்டி, "செத்த சிஸ்டத்தையெல்லாம் எழுப்பும் மச்சான். அவரு குரலைத்தான் தின்னுடுச்சு" என்றான்.

நான் சிரித்துவிட்டேன். சிரித்திருக்கக் கூடாது.

"யாரு குரல்?" என்றான் பக்கத்தில் இருந்தவன்.

"சிஸ்டம் ஓடலைன்னு கூப்ட்டுச்சே ஒரு பொண்ணு, அதோட அப்பா. ஆபரேஷன்ல குரல்வளையையே எடுத்துட்டாங்க, இனிமே பேச்சு வராது. அதுக்கு முன்னாடியே, பொண்ணு கல்யாணத்துல போடறதுக்கு வாழ்த்து பேசி வெச்சிருந்தாரு. சிஸ்டத்துல இருக்கு, எப்படியாச்சும் எடுத்துக் குடுங்கன்னுச்சு."

"எடுக்க வேண்டியதுதானே?"

"என் பென் டிரைவுல எடம் பத்தலை. அங்க மேசைல கெடந்த இதை அழிச்சு ஃபார்மேட் பண்ணி, சிஸ்டத்தை எழுப்பற நாலு ரெஸ்க்யூ சிடியையும் அதுல ஏத்தினேன். சிஸ்டம் எழுந்துடுச்சு. பாத்தா டெஸ்க்டாப்புல இருந்தது வெறும் ஷார்ட்கட். ஃபைலு இந்த பென் டிரைவுல இருந்திருக்கு."

"ரெக்கவரி போட்டியா?"

"மூணு நாளா போடறேன். அதுமேலயே எழுதிட்டேன், ஒண்ணும் வரலை."

ஆஸ்பத்திரி நிறுத்தம் வந்தது. இருவரும் எழுந்தார்கள்.

"பொண்ணுகிட்ட சொல்லிட்டியா?"

"இல்ல. மொதல்ல அவருகிட்ட சொல்லணும்."

"திட்டப் போறாருடா."

"அவரால திட்ட முடிஞ்சா நான் ஏன்டா பயப்படறேன்?"